மறுத்தவர்களின் ரேடாரைச் சுமந்த மகேந்திரகிரி எந்திரம்!

திருநெல்வேலியில் இருந்து நாகர்கோவிலுக்கு பஸ்சில் போகிறவர்கள், பணகுடியை நெருங்கும்போது வலது பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே ரோட்டை நோக்கி நெருங்கி வருகிறது. அதில் தலைதூக்கி நிற்பது மகேந்திரகிரி. உயரம் 1,600 மீட்டருக்கு மேல்.

சீதையைத் தேடிப் புறப்பட்ட அனுமார், இந்த மலையில் இருந்துதான் இலங்கைக்குத் தாவினார் என்பது இந்த வட்டாரத்து மக்களின் நம்பிக்கை. தாவுவதற்காக அவர் காலை ஊன்றியபோது மலையே கிடுகிடுத்தது என்று கதை சொல்வார்கள்.

அந்த மலை இன்றும் கிடுகிடுக்கிறது!

அதன் அடிவாரத்தில் ராக்கெட் எந்திரங்கள் நெருப்பைக் கக்குகின்றன. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமான "இஸ்ரோ"வின் உந்துவிசை வளாகம் அங்கே இருக்கிறது.

2025-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி மாலை 5.40 மணி. ஆந்திராவில் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஒரு ராக்கெட் கிளம்பியது. அதன் தலையில் "நிசார்" என்ற செயற்கைக் கோள் இருந்தது. அமெரிக்காவின் "நாசா"வும் இந்தியாவின் இஸ்ரோவும் கூட்டாகச் செய்த கோள் அது. எடை சுமார் 2,400 கிலோ. ஏறத்தாழ 19 நிமிடங்களில் ராக்கெட் அதைத் தன் பாதையில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அந்த ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தை உந்தியது "கிரையோஜெனிக்" என்னும் கடுங்குளிர் எந்திரம்.

இந்த எந்திரத்தைச் செய்யும் வித்தையை இந்தியாவுக்குக் கொடுக்கக் கூடாது என்று 1992-ல் தடை போட்டது யார் தெரியுமா? இதே அமெரிக்கா!

மறுத்தவர்களே, 33 ஆண்டுகள் கழித்து, தங்கள் விலை உயர்ந்த ரேடாரை அந்த எந்திரத்தின் மேல் ஏற்றி அனுப்பினார்கள். அந்த எந்திரம் புடம் போட்டு எடுக்கப்பட்ட இடம்தான் மகேந்திரகிரி.

கட்டிப்போட்டு எரிப்பார்கள்

மகேந்திரகிரியில் இருந்து ராக்கெட் எதுவும் பறப்பது இல்லை. அங்கே நடப்பது சோதனை மட்டுமே.

முரட்டுக் காளையை வண்டியில் பூட்டுவதற்கு முன்னால், அதைக் கட்டிப்போட்டுப் பழக்குவார்கள் அல்லவா? அது போலத்தான் இதுவும். எந்திரத்தை ஓர் உயரமான சோதனை மேடையில் இறுக்கிப் பிணைத்து விடுவார்கள். பிறகு தீ மூட்டுவார்கள். எந்திரம் பறக்கத் துடிக்கும். ஆனால் நகர முடியாது. அது எவ்வளவு பலத்தோடு தள்ளுகிறது, எங்கே எவ்வளவு சூடு ஏறுகிறது, எங்கே அதிர்கிறது என்பதை எல்லாம் கருவிகள் குறித்துக்கொள்ளும்.

திரவ எரிபொருளில் ஓடும் எந்திரங்களுக்கு இதுவே பரீட்சை மண்டபம். 1980-களில் சோதனை நிலையமாக எழுந்த இந்த இடம், 2014-ம் ஆண்டு பிப்ரவரியில் தனி மையமாக உயர்த்தப்பட்டது. திரவ ஹைட்ரஜன் தயாரிக்கும் ஆலையும் இங்கே உண்டு.

இவ்வளவு ஏற்பாடும் எதற்காக? பூமியைப் பார்ப்பதற்கு ஆகாயத்தில் ஒரு கண் வைப்பது இதன் முக்கியமான நோக்கங்களில் ஒன்று.

ஒரே கண்; இரண்டு வேலை

1970-ம் ஆண்டு கேரளத்தில் தென்னை மரங்களை வாடல் நோய் பிடித்தது. பேராசிரியர் பிஷாரடி என்ற விஞ்ஞானி, ஹெலிகாப்டரில் காமிராவை வைத்து, அகச்சிவப்புக் கதிரைப் பதியும் படச்சுருளால் தோப்புகளைப் படம் எடுக்கச் செய்தார். நோய் பிடித்த மரமும் நல்ல மரமும் படத்தில் வேறு வேறு நிறமாகத் தெரிந்தன. மேலே இருந்து பார்த்து மண்ணின் நலத்தை அறியும் கலை இந்தியாவில் தொடங்கியது இப்படித்தான்.

அதே காமிராவை இன்னும் உயரத்தில் வைத்தால் என்ன ஆகும்? ஒரு மாவட்டமே ஒரு படத்தில் அடங்கிவிடும். எந்த வயலில் நெல், எந்தக் குளத்தில் எவ்வளவு தண்ணீர், எந்தக் காட்டில் மரம் குறைந்தது என்று சொல்லிவிடலாம்.

ஆனால் நெல் வயலைப் பார்க்கும் கண், பட்டாளம் தங்கும் கூடாரத்தைப் பார்க்காமல் இருக்குமா? குளத்தை அளக்கும் கண், விமான தளத்தின் நீளத்தையும் அளக்கும். துறைமுகத்தில் மீன்பிடிப் படகும் தெரியும், போர்க்கப்பலும் தெரியும்.

கண் ஒன்றுதான். வேலை இரண்டு.

உலக நாடுகள் இந்த விஷயத்தில் ஒரு கையால் கொடுத்து, மறு கையால் மறைப்பதற்குக் காரணம் இதுவே.

நெல்லைச் சீமை மறக்காத நாள்

ராணுவ ரகசியம் எல்லாம் டெல்லிக்கும் வாஷிங்டனுக்கும் உரிய விவகாரம். தாமிரபரணிக் கரையில் இருப்பவருக்கு இதில் என்ன வந்தது என்று கேட்கலாம்.

2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18-ந் தேதிகளை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையைவிட இது அதிகம். பொதிகை மலையிலும் பேய் மழை. தாமிரபரணி கரை புரண்டது. நெல்லை ஜங்ஷன் வெள்ளக்காடாயிற்று. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ரெயில், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சுமார் 800 பயணிகளோடு சிக்கிக்கொண்டது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணையே வெள்ளம் வாரிக்கொண்டு போய்விட்டது. விமானப் படை ஹெலிகாப்டர்கள் உணவுப் பொட்டலங்களைப் போட்டன.

மழையின் அளவை முன்கூட்டிச் சரியாகச் சொல்லவில்லை என்றது மாநில அரசு. எச்சரிக்கை கொடுத்தோம் என்றது வானிலைத் துறை. இருவர் பேச்சுக்கும் நடுவில் தவித்தவர்கள் கரையோர மக்கள்.

எந்த ஊர் மூழ்கியிருக்கிறது, எந்தக் குளம் உடைந்திருக்கிறது, படகு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அந்த நேரத்தில் மேலே இருந்து பார்த்தால் அல்லவா தெரியும்? ஆனால் மேலே இருப்பது கருமேகம். சாதாரண காமிரா வைத்த கோள், மேகத்தின் முதுகைத்தான் படம் பிடிக்கும். ராத்திரியானால் அதுவும் கிடையாது.

அங்கேதான் ரேடார் கை கொடுக்கிறது.

வவ்வாலின் வித்தை

வவ்வால் இருட்டில் எப்படிப் பறக்கிறது? அது ஒலியை எழுப்புகிறது. அந்த ஒலி எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்புகிறது. அதை வைத்தே வவ்வால் வழி அறிகிறது.

ரேடார் கோளும் இதே வித்தையைத்தான் செய்கிறது. ஒலிக்குப் பதிலாக ரேடியோ அலையைப் பூமியை நோக்கி அனுப்புகிறது. அந்த அலைக்கு மேகமும் தடை இல்லை. இரவும் தடை இல்லை. தரையில் பட்டுத் திரும்பி வருவதை வாங்கிப் படமாக்குகிறது.

தேங்கி நிற்கும் தண்ணீர், கண்ணாடி போல வழவழப்பானது. அதில் சாய்வாகப் பட்ட அலை வேறு பக்கம் தெறித்துப் போய்விடும். கோளுக்குத் திரும்பி வராது. ஆகவே படத்தில் வெள்ளம் கன்னங்கரேல் என்று தெரியும். ஈர மண் ஒரு மாதிரி, காய்ந்த மண் ஒரு மாதிரி. நின்ற பயிர் ஒரு மாதிரி, அறுத்த வயல் ஒரு மாதிரி.

ஐரோப்பாவின் சென்டினல்-1, 2022-ல் இந்தியா ஏவிய இ.ஓ.எஸ்.-04 ஆகியவை இத்தகைய கோள்கள். நிசாரும் இதே இனம்தான். ஆனால் அதற்கு இரட்டை ரேடார்!

இதில் ஒரு சங்கடம் உண்டு. பூமியைப் பார்க்கும் கோள், ஓர் ஊருக்கு மேலே குடை பிடித்தது போல நிற்க முடியாது. வடக்கும் தெற்குமாகத் துருவங்களைத் தொட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குக் கீழே பூமி உருளும். ராட்டையில் நூல் சுற்றுவது போல, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பட்டை பூமியைப் பார்க்கும். நிசார் ஓர் இடத்தை அதே பாதையில் மறுபடி வந்து பார்க்க 12 நாட்கள் ஆகும். போகும்போதும் வரும்போதுமாக அந்த 12 நாட்களில் இரண்டு தடவை பார்க்கும்.

வெள்ளம் அதுவரை காத்திருக்குமா?

காத்திருக்காது. ஆகவே இன்று ஒரு நாட்டின் கோள், நாளை இன்னொரு நாட்டின் கோள் என்று பல கண்கள் வேண்டும். எவ்வளவு பெரிய நாடானாலும் எல்லாக் கண்களையும் தானே வைத்துக்கொள்வது கஷ்டம். கூட்டுறவு தேவைப்படுவது இதனால்தான்.

பகைவர்களும் கூடும் இடம்

1999-ல் வியன்னாவில் விண்வெளி மாநாடு ஒன்று நடந்தது. அதையொட்டி ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் பிரான்சின் விண்வெளி நிறுவனமும் ஒரு யோசனை சொன்னார்கள். உலகில் எங்காவது பெரும் விபத்து நேர்ந்தால், கோள் வைத்திருக்கும் நாடுகள் எல்லாம் அந்த இடத்தைப் படம் எடுத்து இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதே அந்த யோசனை. இதற்கு ஒரு சாசனம் எழுதினார்கள்.

2001-ல் இந்தியா அதில் சேர்ந்தது. பிறகு சீனாவும் ரஷ்யாவும் சேர்ந்தன. அமெரிக்காவும் இருக்கிறது. எல்லையில் முறைத்துக்கொள்ளும் நாடுகள், புயல் வந்தால் படத்தைக் கொடுத்துவிடுகின்றன. புயல், வெள்ளம், பூகம்பம், ஆலை விபத்து போன்றவைதான் இதில் சேரும். போருக்கு இடம் இல்லை.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி தாக்கியபோது, இந்தச் சாசனத்தின்படி பல நாட்டுக் கோள்கள் இந்துமாக் கடலின் கரைகளைப் படம் எடுத்தன.

ராணுவக் கோள்களிலும் கூட்டு உண்டு. 1995-ல் பிரான்ஸ் ஏவிய ஹெலியோஸ் என்ற ராணுவக் கோளில் இத்தாலியும் ஸ்பெயினும் பங்கு போட்டன. போட்ட பங்குக்கு ஏற்பப் படம் எடுக்கும் நேரமும் கிடைத்தது. பிறகு பிரான்ஸ் நல்ல காமிராக் கோளைச் செய்யத் திட்டமிட்டது; இத்தாலி நல்ல ரேடார்க் கோளைச் செய்யத் திட்டமிட்டது. "என் படத்தை நீ எடுத்துக்கொள், உன் படத்தை எனக்குக் கொடு" என்று 2001-ல் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நெல்லைக் கொடுத்து உப்பு வாங்கிய பழைய பண்டமாற்றுதான்! அந்தக் கோள்கள், விவசாயத் துறைக்கும் ராணுவத்துக்கும் ஒரே சமயத்தில் வேலை செய்தன.

உழைப்பைக் கொடுத்து வித்தை வாங்கினார்கள்

இந்தியாவும் பண்டமாற்றில்தான் ஆரம்பித்தது.

1974-ல் பிரான்சோடு ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. அங்கே "வைகிங்" என்ற ராக்கெட் எந்திரத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். இந்திய என்ஜினீயர்கள் பிரான்சுக்குப் போய் அந்த வேலையில் கை கொடுத்தார்கள். 100 பேர் ஓர் ஆண்டு உழைத்தால் எவ்வளவு வேலை ஆகுமோ, அவ்வளவு வேலை. அதற்கு ஈடாக எந்திரத்தின் நுட்பத்தைப் பெற்றார்கள்.

அந்தக் குழுவை நடத்தியவர் நம்பி நாராயணன். நாகர்கோவிலில் பிறந்தவர்.

படித்து வந்த பாடத்தை வைத்து இந்தியாவில் செய்த எந்திரத்துக்கு "விகாஸ்" என்று பெயர் சூட்டினார்கள். 1985-ல் முதல் எந்திரத்தைப் பிரான்சுக்குக் கொண்டுபோய், அங்கே எரித்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு பிரான்சுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லாமல் செய்தது மகேந்திரகிரி. சோதனை மேடை சொந்த மலை அடிவாரத்துக்கே வந்துவிட்டது.

பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் இருப்பது விகாஸ்தான். நிசாரைச் சுமந்த ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு, இரண்டாம் கட்டத்தில் ஒன்று, ஆக 5 விகாஸ் எந்திரங்கள்!

ராக்கெட் தயாராகும் வரை கோளைச் சும்மா வைத்திருக்க முடியுமா? ரஷ்யா உதவிக்கு வந்தது. அந்நாளில் அது சோவியத் யூனியன். 1988-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி, இந்தியாவின் முதல் தொலை உணர்வுக் கோளான ஐ.ஆர்.எஸ்.-1ஏ, சோவியத் ராக்கெட்டில் பைக்கனூரில் இருந்து மேலே போயிற்று. 1995-ல் அதே பைக்கனூரில் இருந்து போன ஐ.ஆர்.எஸ்.-1சி, தரையில் 6 மீட்டர் அளவுள்ள பொருளைப் பிரித்துக் காட்டியது. ராணுவம் சாராத கோள்களில் அந்நாளில் அவ்வளவு கூர்மையான கண் வேறு எதற்கும் இல்லை. அமெரிக்கக் கம்பெனி ஒன்று அதன் படங்களை வாங்கி உலகத்துக்கு விற்றது.

வாஷிங்டன் போட்ட தடை

பெரிய கோளைத் தூக்க விகாஸ் மட்டும் போதாது. கடுங்குளிர் எந்திரம் வேண்டும்.

அதில் எரிவது திரவ ஹைட்ரஜன். எரிக்க உதவுவது திரவ ஆக்சிஜன். ஹைட்ரஜனைத் திரவமாக வைத்திருக்க, பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி குளிர் வேண்டும். ஆக்சிஜனுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே 183 டிகிரி. ஒரு முனையில் அவ்வளவு குளிர்; மறு முனையில் கொழுந்து விட்டு எரியும் நெருப்பு. இரண்டையும் ஒரே எந்திரத்துக்குள் அடக்க வேண்டும். சில நாடுகளுக்கு மட்டுமே கைவந்த வித்தை இது.

1991-ல் சோவியத் நிறுவனமான கிளாவ்காஸ்மாஸ் இந்த எந்திரத்தையும், அதைச் செய்யும் நுட்பத்தையும் தருவதாக ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கா குறுக்கே வந்தது. "இந்த நுட்பம் ஏவுகணை செய்யப் பயன்படும்" என்று சொல்லி, 1992 மே மாதத்தில் இஸ்ரோவுக்கும் ரஷ்ய நிறுவனத்துக்கும் 2 ஆண்டு தடை விதித்தது.

இந்தியா மறுத்துப் பேசியது. ஏவுகணை என்றால் உத்தரவு வந்த உடனே பாய வேண்டும். இந்த எந்திரத்துக்கு எரிபொருள் நிரப்பவே மணிக்கணக்கில் ஆகும். நிரப்பி வைத்துக் காத்திருக்கவும் முடியாது, ஆவியாகிவிடும். யாராவது இதை வைத்துப் போர் செய்வார்களா?

வாதம் எடுபடவில்லை. 1993-ல் ரஷ்யா பின்வாங்கியது. செய்து முடித்த எந்திரக் கட்டங்கள் 7 தருகிறோம். செய்யும் முறையைச் சொல்லித் தர மாட்டோம் என்று ஒப்பந்தம் மாறியது.

சோறு கொடுத்தார்கள். சமைக்கச் சொல்லித் தரவில்லை.

1994-ல் இந்தியா சொந்தமாக அடுப்பு மூட்டியது. அதே ஆண்டு நவம்பரில், கிரையோஜெனிக் திட்டத்துக்குத் தலைமை ஏற்றிருந்த நம்பி நாராயணன் உளவு வழக்கில் கைது செய்யப்பட்டார். வழக்கு பொய் என்று சி.பி.ஐ. 1996-ல் கூறியது. அவர் தேவையில்லாமல் கைது செய்யப்பட்டார் என்று கூறி, 50 லட்ச ரூபாய் நஷ்ட ஈடு வழங்கும்படி 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. இடையில் ஓடிய ஆண்டுகளை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

720 வினாடி

2007-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி. மகேந்திரகிரிச் சோதனை மேடையில் சொந்தத் தயாரிப்பான கடுங்குளிர்க் கட்டம் பிணைக்கப்பட்டிருந்தது. தீ மூட்டினார்கள். ஆகாயத்தில் எவ்வளவு நேரம் எரிய வேண்டுமோ, அந்த 720 வினாடியும் நிற்காமல் எரிந்தது. 12 நிமிடம்!

ஆனால் மலை அடிவாரம் வேறு, ஆகாயம் வேறு. 2010 ஏப்ரல் 15-ந் தேதி முதல் முறையாக அதை ஏவியபோது, எரிபொருளை ஏற்றும் சிறு பம்பு நின்றுபோய் ராக்கெட் கடலில் விழுந்தது.

மறுபடியும் மகேந்திரகிரி. காற்றே இல்லாத ஆகாயத்தில் எந்திரம் எப்படிப் பற்றும் என்பதைத் தரையிலேயே பார்க்க வேண்டும். அதற்காகக் காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் வைத்து 2013-ல் சோதித்தார்கள்.

2013 ஆகஸ்டில் ஏவத் தயாரானபோது, இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிந்தது. கிளம்ப 74 நிமிடம் இருக்கும்போது நிறுத்தினார்கள். 2014-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி மறுபடியும் ஏவினார்கள். ஜெயம்!

அதற்குப் பிறகும் அடி விழாமல் இல்லை. 2021 ஆகஸ்டு 12-ந் தேதி, பூமியைக் கண்காணிக்கும் இ.ஓ.எஸ்.-03 கோள் போன ராக்கெட்டில், ஹைட்ரஜன் தொட்டியின் அழுத்தம் குறைந்து கடுங்குளிர் எந்திரம் பற்றவே இல்லை. கோள் போயிற்று. வால்வுக் கசிவைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள்.

கொடுப்பதும் வாங்குவதும்

தடை போட்ட நாடு ஒரு பக்கம் இருக்க, வேறு நாடுகளோடு கூட்டுறவு வளர்ந்தது. 2008 ஜனவரி 21-ந் தேதி, இஸ்ரேலின் டெக்சார் என்ற ரேடார் உளவுக் கோளை இந்திய பி.எஸ்.எல்.வி. ஏவியது. அந்த ஆண்டு நவம்பரில் மும்பை நகரில் பயங்கரவாதிகள் புகுந்து தாக்கினார்கள். 2009 ஏப்ரல் 20-ந் தேதி, இஸ்ரேல் ரேடாரைத் தாங்கிய ரிசாட்-2 இந்தியாவின் கோளாக மேலே போயிற்று. பேரிடர் நிவாரணத்துக்கு என்று அரசு சொன்னது. எல்லையைப் பார்ப்பதற்கு என்று பத்திரிகைகள் எழுதின. இரண்டும் ஒரே கண்ணால் முடிகிற காரியம்தானே!

பிரான்சோடு சேர்ந்து, மழையையும் பருவக் காற்றையும் ஆராய 2011-ல் மேகா-டிராபிக்ஸ், கடல் மட்டத்தை அளக்க 2013-ல் சரள் ஆகிய கோள்கள் போயின.

அமெரிக்காவின் மனமும் மாறியது. 2011 ஜனவரியில் இஸ்ரோவின் அமைப்புகளைத் தன் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்து நீக்கியது. 2014 செப்டம்பர் 30-ந் தேதி நிசார் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 2020 அக்டோபரில், ராணுவத்துக்கான வரைபட, கோள் தகவல்களைப் பகிர்ந்துகொள்ளும் உடன்பாடும் இரு நாடுகளுக்கும் இடையே ஏற்பட்டது.

"எல்"லும் "எஸ்"சும்

நிசாரில் யார் பங்கு என்ன?

"எல்" ரேடார் அமெரிக்காவினுடையது. அதன் அலை நீளம் 24 சென்டிமீட்டர். அடர்ந்த இலைகளை ஊடுருவி, மரத்தையும் மண்ணையும் தொடும். "எஸ்" ரேடார் இந்தியாவினுடையது. அலை நீளம் சுமார் 10 சென்டிமீட்டர். பயிரை நன்றாகக் காட்டும். 12 மீட்டர் அகலக் குடை போன்ற ஆன்டெனா அமெரிக்காவினுடையது. கோளின் உடலும் ராக்கெட்டும் இந்தியாவினுடையவை.

இரண்டு ரேடார்களையும் கலிபோர்னியாவில் இணைத்தார்கள். 2023 மார்ச்சில் அதைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து இறக்கியது எது தெரியுமா? அமெரிக்க விமானப் படையின் சி-17 விமானம்! விவசாயிக்கும் விஞ்ஞானிக்கும் உழைக்கப்போகும் கோள், ராணுவ விமானத்தில் வந்தது.

ஏவும்போது இஸ்ரோவின் தலைவராக இருந்தவர் வி.நாராயணன். கன்னியாகுமரி மாவட்டம் மேலக்காட்டுவிளையில் பிறந்தவர். கடுங்குளிர் எந்திரத்திலேயே ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர்.

ஓர் இடத்தின் இரண்டு படங்களை ஒப்பிட்டு, தரை ஒரு சென்டிமீட்டர் அசைந்தாலும் நிசார் சொல்லிவிடும். இமயமலைப் பனி நகர்வது, மண் சரிவது, மண்ணின் ஈரம் குறைவது எல்லாம் தெரியும். படங்கள் அனைத்தும் உலகம் முழுமைக்கும் இலவசம். சாதாரண நாளில் ஓரிரு நாளிலும், ஆபத்துக் காலத்தில் சில மணி நேரத்திலும் கொடுப்பது என்பது ஏற்பாடு.

ஆற்றின் வாய் அருகே ஏவுதளம்

மகேந்திரகிரியில் எரிந்த எந்திரம், ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போய்த்தான் பறக்க வேண்டியிருக்கிறது. அங்கிருந்து நேர் தெற்கே ராக்கெட்டை விட்டால், குறுக்கே இலங்கை. அடுத்த நாட்டின் தலைக்கு மேலே ராக்கெட்டின் கழிந்த பாகங்களைப் போடலாமா? ஆகவே வளைந்து போக வேண்டும். வளைந்து போனால் எரிபொருள் செலவு. சின்ன ராக்கெட்டுக்கு இது தாங்காது.

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்குத் தெற்கே, திருச்செந்தூரைத் தாண்டி, குலசேகரன்பட்டினம் இருக்கிறது. தசராவுக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து தெற்கே பார்த்தால் கடல்தான். நாடு ஏதும் குறுக்கே இல்லை. துருவத்தைச் சுற்றிப் பூமியைப் பார்க்கும் சிறு கோள்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. 2024 பிப்ரவரி 28-ந் தேதி ராக்கெட் தளத்துக்கு அங்கே அடிக்கல் நாட்டப்பட்டது.

எந்திரத்தைச் சோதிக்கும் மலையும், ராக்கெட் கிளம்பும் கரையும் பழைய நெல்லை மாவட்டத்துக்குள்ளேயே அமைகின்றன.

நெல்லைக்காரர்களுக்கு இது பெருமைதான். ஆனால் பெருமையோடு ஒரு பொறுப்பும் இருக்கிறது.

நிசாரின் படம் யாருக்கும் இலவசம் என்றால், பாபநாசம் அணையில் இருந்து மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகள் வரைக்கும் இலவசம் என்றுதான் அர்த்தம். அந்தப் படத்தைப் படிக்கத் தெரிந்தவர் மாவட்டத்தில் இருக்க வேண்டும். படித்ததை மதகுக் காவலருக்கும், தாசில்தாருக்கும், ஸ்டேஷன் மாஸ்டருக்கும் அந்த ராத்திரியே சொல்ல வேண்டும். பிசான நடவுக்கு நிலத்தில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதை விவசாயிக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும்.

அமெரிக்கா மறுத்ததை மகேந்திரகிரியில் செய்துகாட்டினார்கள். அந்த எந்திரம் தூக்கிய கண், அடுத்த வெள்ளத்தின்போது ஸ்ரீவைகுண்டத்தைப் பார்க்கும். பார்த்த செய்தி ஸ்ரீவைகுண்டத்துக்கு வெள்ளத்துக்கு முன்னால் வந்து சேர வேண்டும். கரையோர மக்கள் எதிர்பார்ப்பது அது ஒன்றைத்தான்.